பழைய நாணயங்களின் சேகரிப்பு மதிப்பு

பழைய நாணயங்களின் சேகரிப்பு மதிப்பு என்பது, ஒரு பழைய நாணயத்தைத் தமது தொகுப்பில் சேர்த்துக்கொள்ள விரும்பும் ஒருவர் அதற்குத் தர முன்வரும் விலையைக் குறிக்கும். இது நாணயத்தின் மீது பொறிக்கப்பட்ட முகமதிப்பிலிருந்தும், அதிலுள்ள உலோகத்தின் விலையிலிருந்தும் வேறுபட்டது. நாணயங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராயும் துறை நாணயவியல் எனப்படுகின்றது. சேகரிப்பு மதிப்பு நாணயவியலின் முடிவுகளைச் சார்ந்திருந்தாலும், இறுதியில் சந்தையே அதனைத் தீர்மானிக்கின்றது.

இக்கட்டுரை அரிய நாணயங்களைப் பற்றியதன்று. வீடுகளில் பரவலாகக் காணப்படும் சாதாரணப் பழைய நாணயங்களின் மதிப்பை அறியும் முறையை இது விளக்குகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் காஞ்சிபுரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சார்ந்தவை. பல்லவர்களின் தலைநகராகவும், பின்னர் சோழர்களின் முக்கிய நகரமாகவும், ஆற்காடு நவாபுகள், கிழக்கிந்தியக் கம்பெனி ஆகியோரின் ஆட்சிப் பகுதியாகவும் இருந்த ஊர் என்பதால், இங்குள்ள ஒரு வீட்டின் பழைய தகரப் பெட்டியில் சோழர் செப்புக்காசும், கம்பெனிக் காசும், ஓட்டைக் காலணாவும், செல்லாத பத்துப் பைசாவும் ஒன்றாகக் கிடப்பது வியப்பன்று.

மூன்று மதிப்புகள்

ஒரு நாணயத்திற்கு மூன்று வகையான மதிப்புகள் உண்டு. முதலாவது முகமதிப்பு. ஐம்பது பைசா நாணயம் இன்றும் சட்டப்படி செல்லத்தக்கது, அதன் முகமதிப்பு ஐம்பது பைசா. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டதால், அவற்றின் முகமதிப்பு சுழியம். இரண்டாவது உலோக மதிப்பு, அதாவது நாணயத்தை உருக்கினால் கிடைக்கும் வெள்ளி, செம்பு முதலியவற்றின் விலை. மூன்றாவது சேகரிப்பு மதிப்பு.

இந்த வேறுபாட்டைக் காஞ்சிபுரத்து வாசகர்கள் பட்டுப்புடவையைக் கொண்டே எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பழைய பட்டுப்புடவைகளை விலைக்கு வாங்குவோர் பெரும்பாலும் சரிகையில் எவ்வளவு வெள்ளி உள்ளது என்பதை மட்டுமே பார்க்கின்றனர். அதே புடவையின் கோர்வைக் கரையையும், இன்று யாரும் நெய்யாத புட்டாவையும் அறிந்த ஒருவர் வேறு விலை சொல்லுவார். சரிகைக் கணக்கு தவறானதன்று, அது அடிப்படை விலை. அதற்குக் கீழே விற்றால் நட்டம். அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் கேள்வி. நாணயத்திலும் உலோக மதிப்பு இவ்வாறே அடிப்படை விலையாக அமைகின்றது. சாதாரணச் செப்பு நாணயங்களுக்கு இந்த அடிப்படை மிகச் சிறியது, வெள்ளி நாணயங்களுக்குப் பெரியது.

வயதும் மதிப்பும்

பழமை மிகுந்தால் விலையும் மிகும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. விலையை நிர்ணயிப்பவை, இன்று எத்தனை நாணயங்கள் எஞ்சியுள்ளன என்பதும், அவற்றைத் தேடுவோர் எத்தனை பேர் என்பதும் ஆகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு முதலாம் இராசராசனின் (ஆட்சிக்காலம் பொ.ஊ. 985 - 1014) செப்புக்காசு. ஒரு பக்கத்தில் நின்ற நிலையில் ஒரு மனித உருவமும், மறுபக்கத்தில் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் மன்னனின் பெயரும் காணப்படும். இக்காசு பெருமளவில் அச்சிடப்பட்டது. சோழர் ஆட்சி இலங்கையில் பரவியபோது அங்கும் புழங்கியது. பின்னர் பராக்கிரமபாகு முதலிய இலங்கை அரசர்களும் இதே வடிவத்தைப் பின்பற்றிக் காசுகள் வெளியிட்டனர். ஆயிரம் ஆண்டுப் பழமை இருந்தும், தேய்ந்த நிலையிலுள்ள இராசராசன் காசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றது. இதற்கு நேர்மாறாக, ஆறாம் ஜார்ஜ் உருவம் பொறித்த 1939 ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒரு நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவற்றின் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால், எஞ்சியவை மிகச் சில. பிரித்தானிய இந்திய ரூபாய்களுள் சேகரிப்பாளர் மிகவும் தேடுவனவற்றில் இது ஒன்று.

எஞ்சியிருக்கும் எண்ணிக்கை ஒரே நாளில் மாறக்கூடும் என்பதற்கும் சென்னை மாகாண வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் பயன்பாட்டிற்காக 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்த சோகோ நாணயச்சாலையில் அச்சிட்டது. ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னமும், மறுபக்கத்தில் பாரசீக எழுத்தும் இருக்கும். 1808 ஆம் ஆண்டு பொறித்த இந்நாணயங்களை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அக்கப்பலிலிருந்து நாணயங்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. புழக்கத்துக்கே வராத அவை உலகச் சந்தையில் வந்து குவிந்தன. இன்று இருநூறு ஆண்டுப் பழமையுள்ள 1808 ஆம் ஆண்டுக் காசு ஒன்றைத் தெளிவான எழுத்துகளோடு மலிவாக வாங்க முடிவதற்குக் காரணம் இதுவே. நம்மூர் வீடுகளில் புழங்கித் தேய்ந்த 1808 காசு, கடலில் கிடந்த காசோடு விலையில் போட்டியிட வேண்டியுள்ளது.

காஞ்சிபுரம் பகுதியில் காணப்படும் நாணயங்கள்

பல்லவர் காசுகள் சிறிய செப்புக் காசுகள். இவற்றுள் எருது பொறித்தவை மிகுதி. சிங்கம் பொறித்தவையும் உண்டு. இவை சோழர் காசுகளை விடக் குறைவாகவே கிடைக்கின்றன. எனினும் பெரும்பாலும் தேய்ந்தும் அரிக்கப்பட்டும் இருப்பதால், உருவம் தெரியாத காசுக்கு வாங்குவோர் குறைவு. பிற்காலப் பாண்டியர் செப்புக்காசுகளில் சில, தமிழ் எழுத்துப் பொறிப்புடன் கிடைக்கின்றன. அவற்றுள் 'கச்சி வழங்கும் பெருமாள்' என்ற பொறிப்புடைய காசு காஞ்சிபுரத்தின் பழம்பெயரைத் தாங்கியிருப்பதால் இவ்வூர்ச் சேகரிப்பாளருக்குத் தனி ஈர்ப்புடையது. விலையில் உள்ளூர்ப் பற்றும் ஒரு காரணி என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஐரோப்பியக் கம்பெனிகளின் காசுகளும் கிடைக்கின்றன. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசுகளில் வி, ஓ, சி என்னும் மூன்று ரோமன் எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கும். (இதற்கும் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கும் தொடர்பு ஏதுமில்லை.) இவையும் பொதுவாகக் கிடைக்கும் நாணயங்களே.

எண்ணிக்கையில் மிகுந்தவை 1835 ஆம் ஆண்டு நாணயச் சட்டத்துக்குப் பிற்பட்டவை. அச்சட்டத்தின் மூலம் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே நாணய முறை ஏற்பட்டது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. இவற்றுள் விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் காலணாக்கள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவை. 1943 முதல் 1947 வரை வெளிவந்த நடுவில் துளையுள்ள காலணா, 'ஓட்டைக் காலணா' என்ற பெயரில் பேச்சுவழக்கிலும் இடம்பெற்றது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தவே துளையிடப்பட்டது. இது மிகச் சாதாரணமான நாணயம்.

விடுதலைக்குப் பின், 1950 ஆகஸ்ட் 15 அன்று அசோகர் தூணின் சிங்க முகத்துடன் குடியரசு நாணயங்கள் வெளியாயின. 1957 ஏப்ரல் 1 முதல் பதின்ம முறை நடைமுறைக்கு வந்து, ஒரு ரூபாய் நூறு நயா பைசா ஆனது. 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. இக்கால அலுமினிய ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா, ஐந்து பைசா நாணயங்கள் இன்னும் படிக்கணக்கில் வீடுகளில் உள்ளன. புழங்கிய நிலையில் இவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய இல்லை.

ஆண்டைப் படித்தல்

நாணயத்தில் காணப்படும் ஆண்டு, அது அச்சிடப்பட்ட ஆண்டாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இது தொடக்கநிலைச் சேகரிப்பாளர் அவசியம் அறிய வேண்டிய செய்தி.

சென்னையில் கம்பெனி அச்சிட்ட ஆற்காடு ரூபாய்கள் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற காலக்குறிப்பையும் தாங்கியவை. ஆலம்கீர் 1759 இல் இறந்தார். ஆனால் அதே குறிப்புடன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ரூபாய்கள் வெளிவந்தன. மக்கள் பழகிய காசையே ஏற்றுக்கொண்டனர் என்பதால் வணிகர்களும் கம்பெனியும் குறிப்பை மாற்றவில்லை. விக்டோரியாவின் 1840 ஆம் ஆண்டு ரூபாய் பல ஆண்டுகள் அதே ஆண்டுடன் அச்சிடப்பட்டது. 1862 ஆம் ஆண்டு ரூபாயும் அவ்வாறே 1874 வரை தொடர்ந்தது. பம்பாயில் அச்சிட்ட 1862 ரூபாய்களில் ஆண்டு எண்ணின் அருகே சிறு புள்ளிகள் உண்டு. எத்தனை புள்ளிகள், எவ்விடத்தில் என்பதைக் கொண்டு உண்மையான ஆண்டைக் கணிக்கின்றனர். சாதாரண 1862 ரூபாய்க்கும், அரிய புள்ளி அமைப்புடைய 1862 ரூபாய்க்கும் விலை வேறுபாடு பெரிது. உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றி இதனைக் காண இயலாது.

நினைவு நாணயங்களிலும் இக்குழப்பம் நேர்கின்றது. காந்தியடிகளின் உருவமும் 1869 - 1948 என்ற ஆண்டுகளும் பொறித்த இருபது பைசா, அவரது நூற்றாண்டை ஒட்டி 1969 இல் வெளிவரத் தொடங்கியது. அதனை 1948 ஆம் ஆண்டு நாணயம் எனக் கொள்வது தவறு. இதே வரிசையில் வந்த பத்து ரூபாய் நாணயம் மட்டும் 80 விழுக்காடு வெள்ளி கலந்தது, எடை 15 கிராம். பித்தளை நிற இருபது பைசாவுக்கு அந்த மதிப்பு கிடையாது.

நாணயச்சாலைக் குறி

ஒரே ஆண்டில் ஒரே வகை நாணயம் பல நாணயச்சாலைகளில் அச்சிடப்படுவது உண்டு. ஒரு சாலையில் கோடிகளும் மற்றொன்றில் சில ஆயிரங்களும் அச்சிடப்பட்டிருந்தால், அச்சிறு குறியே விலையை மாற்றிவிடும். கல்கத்தா நாணயச்சாலை பெரும்பாலும் குறி இடுவதில்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பம்பாய்க்குரிய சிறு புள்ளி பின்பக்கத்துத் தாமரையின் கீழ் இருக்கும். 1943 முதல் 1945 வரை லாகூரில் அச்சிட்ட ரூபாய்களில் 'எல்' என்னும் ரோமன் எழுத்து காணப்படும். குடியரசு நாணயங்களில் ஆண்டு எண்ணின் கீழே பார்க்கவேண்டும். வைர வடிவம் பம்பாயையும், விண்மீன் ஐதராபாத்தையும், வட்டப்புள்ளி நொய்டாவையும் குறிக்கும். சென்னை நாணயச்சாலை 1869 இல் மூடப்பட்டது. வட சென்னையின் தங்கசாலைத் தெரு இன்றும் அதன் நினைவைத் தாங்கி நிற்கின்றது.

நாணயத்தின் நிலை

வகையும் ஆண்டும் குறியும் தெரிந்தபின், விலையைப் பெரிதும் பாதிப்பது நாணயத்தின் நிலை ஆகும். இந்தியச் சந்தையில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்ற படிநிலைகள் வழங்குகின்றன. முதலாவது, நன்கு தேய்ந்தும் எழுத்துகள் படிக்கத்தக்க நிலை. கடைசியானது, புழக்கத்துக்கே வராத நிலை. பன்னாட்டளவில் 1 முதல் 70 வரை எண் வழங்கும் ஷெல்டன் அளவுகோலும் பயன்படுகின்றது. இது அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949 இல் அந்நாட்டுச் செப்பு நாணயங்களுக்காக உருவாக்கியது.

தேய்மானம் முதலில் தெரிவது நாணயத்தின் மிக மேடான பகுதிகளில். விக்டோரியா நாணயத்தில் காதின் மேலுள்ள முடிக்கற்றையையும், உடையின் பூவேலையையும் பார்க்கவேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் நாணயத்தில் மகுடத்தின் விவரங்களையும், மேலங்கியிலுள்ள யானை உருவத்தையும் பார்க்கவேண்டும். இந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911 ஆம் ஆண்டு ரூபாயில் யானையின் துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்ததால் அது பன்றியைப் போலத் தோன்றியது. எதிர்ப்பு எழவே எஞ்சிய நாணயங்கள் திரும்பப் பெறப்பட்டு, 1912 முதல் யானை திருத்தப்பட்டது. 'பன்றி ரூபாய்' எனப்படும் இந்த 1911 ரூபாய் பிற ஆண்டு ரூபாய்களை விடக் கூடுதல் விலை பெறுகின்றது. ஆயினும் கதை பரவிய அளவுக்கு நாணயம் அரிதானதன்று.

சாதாரண நாணயங்களில் நிலையின் முக்கியத்துவம் இன்னும் அதிகம். தேய்ந்த காலணாவுக்கு வாங்குவோரே இல்லாதபோது, அச்சிட்டபோதிருந்த செந்நிறம் மாறாத அதே ஆண்டுக் காலணாவைச் சேகரிப்பாளர் விரும்பி வாங்குவர். கோடிக்கணக்கில் அச்சிட்டவற்றுள் அவ்வாறு எஞ்சியவை மிகக் குறைவு.

இக்காரணத்தால், பழைய நாணயத்தைத் துலக்குதல் கூடாது. செப்புப் பாத்திரங்களைப் புளியிட்டும், வெள்ளிப் பொருட்களைத் திருநீறு கொண்டும் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாத்திரத்துக்கு நன்மை செய்யும் அதே புளி நாணயத்தைக் கெடுத்துவிடும். புளியின் அமிலம் செம்பின் மேற்படலத்தைக் கரைக்கின்றது. திருநீறும் சாம்பலும் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றன. பல ஆண்டுகளில் படிந்த பழுப்பு அல்லது கரும்படலம் உலோகத்தைக் காப்பதோடு, நாணயம் உண்மையானது என்பதற்குச் சான்றாகவும் விளங்குகின்றது. துலக்கிய நாணயம் பளபளத்தாலும் பயின்ற கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், விலையும் பாதிக்குமேல் குறையக்கூடும். பச்சை நிறப் பொடியாக உதிரும் களிம்பு மட்டும் விதிவிலக்கு, அது பரவி நாணயத்தை அரிக்கக்கூடியது. அதனை அகற்றுவது அனுபவம் உள்ளவர் செய்யவேண்டிய பணி.

காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்த நாணயங்களும், தாயத்தாகத் துளையிட்டவையும் சேகரிப்பு மதிப்பை இழந்தவையே. கொக்கியை அகற்றினாலும் பற்றவைத்த தடம் விளிம்பில் தங்கிவிடும். இவை உலோக மதிப்பிலேயே விற்கப்படுகின்றன. மஞ்சள் துணியில் காணிக்கையாக முடிந்துவைத்த நாணயங்களில் ஈரத்தாலும் மஞ்சளாலும் கறை படிவதுண்டு. நெகிழிப் பைகளில் பி.வி.சி. வகையைத் தவிர்க்கவேண்டும். அது நாளடைவில் பசைபோலக் கசிந்து நாணயத்தில் பச்சைக் கறையை ஏற்படுத்தும்.

வெள்ளி நாணயங்களின் அடிப்படை விலை

விற்கும் குடும்பம் பெரும்பாலும் ஏமாறுவது இங்குதான். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு. எனவே ஒரு ரூபாயில் உள்ள தூய வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம். எட்டணாவில் இதில் பாதி, நாலணாவில் கால், இரண்டணா வெள்ளி நாணயத்தில் அரைக்கால். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயின் எடை மாறவில்லை, வெள்ளி மட்டும் பாதியாகக் குறைக்கப்பட்டது. அதாவது 5.83 கிராம். 1947 ஆம் ஆண்டு ரூபாய்கள் நிக்கல், வெள்ளி சிறிதும் இல்லை. இவற்றின் பின்பக்கத்தில் புலி உருவம் இருக்கும்.

கணக்கு எளியது. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விக்டோரியா ரூபாயின் உலோக மதிப்பு 1,069 ரூபாய், 1944 ஆம் ஆண்டு ரூபாயின் உலோக மதிப்பு 583 ரூபாய், 1947 ரூபாய்க்குச் சில ரூபாய் மட்டுமே. அன்றைய சந்தை விலையைப் பெருக்கி எவரும் இதனைக் கண்டறியலாம். தேய்ந்த நாணயத்தில் எடை சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் எடை போட்டுப் பார்த்தல் நன்று. சாதாரண ஆண்டு ரூபாய்களுக்குச் சேகரிப்பு மதிப்பு இந்த உலோக மதிப்பை ஒட்டியே அமைகின்றது. வெள்ளி விலை உயரும் காலங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. அப்போது சாதாரண ஆண்டுகளோடு அரிய ஆண்டுகளும் புள்ளி வகைகளும் சேர்ந்து உருக்கப்படுகின்றன. உருக்குமுன் ஆண்டுகளையும் குறிகளையும் ஒருமுறை பார்ப்பது அவசியம் என்று சேகரிப்பாளர் வலியுறுத்துவது இதனாலேயே.

நிக்கல் ரூபாயைக் கண்டறியக் காந்தம் போதும். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், வெள்ளியும் செம்பும் ஒட்டா. இதே சோதனை இரும்பில் வார்த்து முலாம் பூசிய போலிகளையும் காட்டிக்கொடுக்கும்.

போலிகளும் மோசடிகளும்

இராமர் பட்டாபிஷேகம், அனுமன், சிவன், இலட்சுமி முதலிய உருவங்களுடன் 'கிழக்கிந்தியக் கம்பெனி', 'அரை அணா' அல்லது 'ஓர் அணா', 1818 என்று ஆங்கிலத்தில் பொறித்த செப்பு வில்லைகள் நாடெங்கும் விற்கப்படுகின்றன. இவை கம்பெனியின் நாணயங்கள் அல்ல. பிற்காலத்தில் தனியாரால் செய்யப்பட்டவை. கம்பெனி தெய்வ உருவங்களைப் பொறித்ததே இல்லை என்று கூறுவதும் தவறாகும். சென்னையில் அச்சிட்ட நட்சத்திர வராகனில் திருமால் உருவம் உண்டு. 1807 - 1808 காலத்து வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரமும், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமாலும், தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிப் பொறிப்புகளும் காணப்படும். ஆனால் அவை வராகன் கணக்கில் அமைந்த பொன், வெள்ளி நாணயங்கள். அணாக் கணக்கில் தெய்வ உருவம் இருந்தால் அது போலி எனக் கொள்ளலாம். இவற்றிலிருந்து வேறுபட்டவை 'இராமடங்கா' எனப்படும் பழைய கோயில் வில்லைகள். வழிபாட்டுக்காகச் செய்யப்பட்ட அவை நாணயங்களாகப் புழங்கவில்லை. எனினும் பழமையானவற்றுக்குத் தனிச் சேகரிப்பாளர் உண்டு.

இத்தகைய வில்லைகளை அடிப்படையாகக் கொண்டு தமிழ்நாட்டில் நடைபெறும் மோசடி 'ரைஸ் புல்லிங்' எனப்படுகின்றது. குறிப்பிட்ட செப்பு நாணயமோ கலசமோ அரிசியை ஈர்க்கும், அதில் இரிடியம் உள்ளது, வெளிநாட்டு நிறுவனம் கோடிகளில் வாங்கும் என்று கூறிச் சோதனைச் செலவுக்காக முன்பணம் பெறுவர். செம்பும் அரிசியை ஈர்க்காது, இரிடியமும் ஈர்க்காது. இரும்புத்தூள் கலந்து வைத்த அரிசியைக் காந்தம் ஈர்க்கும். இம்மோசடியில் ஈடுபட்டோர் மீது தமிழகக் காவல்துறை பல வழக்குகளைப் பதிவு செய்துள்ளது.

மற்றொரு வகை, சாதாரண நாணயத்துக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகக் கூறும் விளம்பரம். காண்டாமிருக உருவமுள்ள இருபத்தைந்து பைசா, வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 2012 ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் ஆகியவை இவ்விளம்பரங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. இவை பெருமளவில் வெளியிடப்பட்ட நாணயங்கள். இவ்வளவு விலை தருவதாகக் கூறுவோர் நாணயத்தை வாங்குவதில்லை. பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கேட்பர். ரிசர்வ் வங்கியின் பெயரிலும் முத்திரையிலும் இவ்வாறு கட்டணம் கேட்கப்படுவதாகவும், அவ்வங்கி பழைய நாணயங்களை விலைக்கு வாங்கவோ அதற்குத் தரகு பெறவோ எவரையும் அமர்த்தவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. எந்த மெய்யான வணிகரும் விற்பவரிடம் முன்பணம் கேட்பதில்லை.

விலையை அறிதல்

நாணயத்தை இனங்காணக் கிராஸ் நிறுவனம் வெளியிட்ட உலக நாணயப் பட்டியலும், பிரித்தானிய இந்திய நாணயங்களுக்கு பிரிட்மோர் எழுதிய நூலும் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. பழந்தமிழ் நாணயங்களுக்கு இரா. நாகசாமி, இரா. கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் நூல்கள் துணைபுரியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பை நேரில் பார்ப்பது, நூறு படங்களைப் பார்ப்பதை விடப் பயனுடையது எனலாம்.

பட்டியல்களில் அச்சிட்ட விலை ஓர் ஒப்பீட்டு அளவு மட்டுமே. ஒரு வகை மற்றொன்றைவிட எத்தனை மடங்கு அரிது என்பதை அறிய அது உதவும். இணையத்தில் விற்பனைக்கு வைத்துள்ளோர் கேட்கும் விலையும் மதிப்பாகாது, ஏனெனில் கேட்ட விலைக்கு விற்றதா என்பது தெரியாது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுற்ற ஏலங்களின் பட்டியலே நம்பத்தக்கது. அதிலும் ஒரே நிலையிலுள்ள நாணயங்கள் பலமுறை விற்ற விலைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விலக்கிவிடவேண்டும். வணிகரிடம் விற்கும்போது அவருடைய இலாபமும், விற்கும்வரை முதலீடு முடங்கும் காலமும் கழிக்கப்படும் என்பதால், சந்தை விலையில் பாதி அல்லது சற்று மேல் கிடைத்தாலே அது நேர்மையான விலையாகக் கருதப்படுகின்றது. நிறையச் சாதாரண நாணயங்களை ஒன்றாக விற்கும்போது எடைக்கணக்கில் விலை பேசப்படும். விற்குமுன் அவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தல் நலம்.

புதையலும் சட்டமும்

நிலத்தில் அல்லது பழைய கட்டடத்தில் கண்டெடுத்த நாணயங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தவற்றைப் போன்றவை அல்ல. 1878 ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதுடன் ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் பெறலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972 ஆம் ஆண்டு தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின் கீழ் வருவன. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது, விற்பனைத் தொழிலுக்கு உரிமம் தேவை. ரைஸ் புல்லிங் கும்பல் கூறும் 'வெளிநாட்டு வாங்குநர்' உண்மையாகவே இருந்தாலும் அவ்விற்பனை சட்டவிரோதமே ஆகும்.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது 505 தங்க நாணயங்கள் அடங்கிய பாத்திரம் கிடைத்தது. மொத்த எடை 1.716 கிலோகிராம். அவை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரிலுள்ள குழம்பேசுவரர் கோயிலில், திருப்பணியின்போது கருவறைப் படிகளின் கீழ் தங்கப் பொருட்கள் கிடைத்தன. அவை தம் ஊர்க் கோயிலுக்கே உரியவை என்று கூறி ஊர்மக்கள் முதலில் தர மறுத்தனர். பேச்சுவார்த்தைக்குப் பின் அதிகாரிகள் அவற்றைப் பெற்றுக் கருவூலத்தில் சேர்த்தனர். இதே உத்திரமேரூரில்தான் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் குழுக்களுள் ஒன்றாகப் பொன் வாரியத்தைக் குறிப்பிடுகின்றது.

கண்டெடுத்த காசுகள் எந்த ஆழத்தில், எந்தப் பொருட்களோடு, எத்தனை ஒன்றாகக் கிடைத்தன என்பவை பதிவாகும்போதுதான் ஓர் ஊரின் வணிகத்தையும் காலத்தையும் கணிக்க முடிகின்றது. கண்ட இடம் தெரியாமல் கடைக்கு வந்துசேர்ந்த இராசராசன் காசுக்குச் சில நூறு ரூபாய் விலை கிடைக்கலாம். அது எந்தத் தெருவின் அடியில், எந்தக் கலத்தில் இருந்தது என்ற செய்தியைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது.